டிடியை நேரில் கொண்டுவரச் சொன்னால் அது இ-டெண்டரா?

விலைப்புள்ளி இணையம் வழியாக மட்டுமே ஏற்கப்படும் என்கிறது அரசு இ-டெண்டர் அறிவிப்பின் முதல் பக்கம். உள்ளே புரட்டினால், இ.எம்.டி. எனப்படும் முன்வைப்புத் தொகைக்கான அசல் டிடியையும் சான்றிதழ் நகல்களையும் கடைசி நாளுக்குள் அலுவலகத்தில் நேரில் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை. எத்தனை முறை சொல்லியும் இன்னும் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

டெண்டர் பெட்டி இருந்த காலத்தில் வாசலில் ஆள் நிறுத்தி, வெளியூர் ஒப்பந்ததாரரைத் திருப்பி அனுப்புவார்கள். அதை ஒழிக்கத்தான் இ-டெண்டர் வந்தது. யார் போட்டார்கள், எத்தனை பேர் போட்டார்கள் என்பது திறக்கும் நேரம்வரை எவருக்கும் தெரியக் கூடாது. டிடியை நேரில் வாங்கினால் அந்தப் பெயர்கள் தபால் பிரிவுப் பதிவேட்டில் வரிசையாக ஏறிவிடும். பட்டியல் வெளியே போக எவ்வளவு நேரமாகும்? நேரம் முடியும்வரை விலையைத் திருத்தி மறுபடி ஏற்றலாம் என்பதால், பட்டியல் கையில் கிடைத்தவர்கள் கூடிப் பேசி விலையை முடிவுசெய்ய வசதியாகிவிடுகிறது. அலுவலர்களே, இ.எம்.டி.யை நெட் பேங்கிங்கில் வாங்குங்கள். அசல் ஆவணங்களைத் திறந்த பிறகு எல்-1, அதாவது குறைந்த விலை போட்டு முதலில் வந்தவரிடம் மட்டும் கேளுங்கள்.

காரியம் கெட்டால் 'சர்வர் சரியில்லை' என்கிறார்கள். தேசிய தகவலியல் மையத்தின் ஜெப்நிக் மென்பொருளில் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் டெண்டர் விடுகின்றன. ஓர் அலுவலகத்தில் ஓடுவது பக்கத்து அலுவலகத்தில் ஏன் முடங்குகிறது?

முடங்குவது பெரும்பாலும் திறக்கும் நாளில்தான். விலைப்புள்ளிகளைப் பூட்டுவது திறப்பு அலுவலர்களின் டிஎஸ்சி (மின்கையொப்பச் சான்றிதழ்) சாவி. இரண்டே பேரை நியமித்து, அதில் ஒருவர் அந்தச் சாவி உள்ள யுஎஸ்பி டோக்கனோடு மாறுதலில் போய்விட்டால் திறக்க வழியில்லை. நான்கு பேரைப் போட்டு, யாராவது இருவர் திறக்கலாம் என்று வையுங்கள். புதுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பழைய சாவி பூட்டியதைப் புதுச் சாவி திறக்காது. நிலுவை டெண்டர் முடியும்வரை டோக்கனில் எதையும் அழிக்காதீர்கள்.

டெண்டர் போடுவதற்கான குறைந்தபட்ச அவகாசம்: தமிழ்நாட்டின் 2000-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மை விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்கு 15 நாள், அதற்கு மேல் 30 நாள். குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும்.

ஒப்பந்ததாரர்களே, விலையை நிரப்பும் பி.ஓ.க்யூ (வேலை அளவுப் பட்டியல்) எக்செல் கோப்பின் பெயரை மாற்றாதீர்கள். ஆவணங்களை 100 டிபிஐ கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் போதும். எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு 'ஃப்ரீஸ்' பொத்தானை அழுத்தாமல் எழுந்து போகாதீர்கள். அதை அழுத்தி ஒப்புகைச் சீட்டு கைக்கு வந்தால்தான் நீங்கள் டெண்டர் போட்டதாகக் கணக்கு. செல்லுபடியாவது சர்வர் நேரம், உங்கள் கைக்கடிகாரம் அல்ல.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். டோக்கனையும் பின் எண்ணையும் பிரவுசிங் சென்டரில் விட்டுவிட்டு வராதீர்கள். இரவல் சான்றிதழில் விலை போடுவதைத் தடுக்கத்தான் தென்கொரியா 2010-இல் கைரேகையைக் கொண்டுவந்தது. போட்டியாளரின் டோக்கனும் அதே கடையில் கிடந்தால், இரண்டு விலைப்புள்ளிகளும் ஒரே ஐபி முகவரியிலிருந்து பதிவாகும். தணிக்கையில் கூட்டுச் சதி என்ற கேள்வி உங்களை நோக்கித்தான் வரும்.