கர்ப்பப்பை இறக்க ஒப்பரேஷன், சிக் லீவு, மனேஜரின் போன்: பிரிட்டனில் உங்களுக்கு என்ன உரிமை?

ஒப்பரேஷன் முடிந்து பன்னிரண்டாம் நாள். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, லண்டனில் ஒரு கெயர் ஹோமில் இரவு வேலை செய்பவர், சோபாவில் ஒரு பக்கமாகச் சரிந்து படுத்திருக்கிறார். போன் அடிக்கிறது. மனேஜர். சுகம் விசாரித்தது அரை நிமிடம். அப்புறம் விஷயத்துக்கு வந்தார்: வெள்ளி, சனி இரண்டு இரவுக்கும் ஆள் இல்லை, தூக்கிற வேலை ஒன்றும் தரமாட்டார், இருந்து மருந்து மட்டும் கொடுத்தால் போதும். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு அக்கா என்னிடம் கேட்டது இதுதான்: "பிள்ளை, வரமாட்டன் எண்டு சொன்னா வேலையால நிப்பாட்டுவினமோ?"

அவருக்குச் செய்தது கர்ப்பப்பை இறக்கத்துக்கான ஒப்பரேஷன். ஊரில் 'அடி இறங்கியிருக்கு' என்று பெண்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்களே, அதேதான். தாங்கிப் பிடிக்கும் தசைகள் தளர்ந்து கர்ப்பப்பையோ சலப்பையோ குடலின் சுவரோ கீழே இறங்கிவிடுகிறது. அதை உயர்த்தித் தைப்பார்கள், சிலருக்குக் கர்ப்பப்பையை எடுத்தும் விடுவார்கள். பிறப்புறுப்பு வழியாகவே செய்தால் வயிற்றில் ஒரு கீறல்கூட இருக்காது. கரைச்சலே அதுதான். காயம் தெரியாதபடியால் பார்ப்பவருக்கு 'நல்லாத்தானே நடக்கிறா' என்று தோன்றும். உள்ளே தைத்த இடம் உரமேற வாரக்கணக்கில் ஆகும். ஒப்பரேஷனையும் வேலையையும் பொறுத்துப் பொதுவாக 6 முதல் 12 வாரம் ஓய்வு சொல்வார்கள். ஆளைத் தூக்கிப் புரட்டுகிற வேலையென்றால் 12 வாரத்தையே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நான் சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்துக்குப் பொருந்தும்.

முதல் 7 நாளுக்கு டொக்டர் கடிதம் தேவையில்லை. சனி ஞாயிறும் அந்த 7இல் அடங்கும். சுகமில்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் போதும். அதற்கு மேல் போனால் ஃபிட் நோட் வேண்டும், அதாவது வேலை செய்ய இயலுமா என்று எழுதித் தரும் மருத்துவச் சான்று. இதை ஜிபிதான், அதாவது குடும்ப டொக்டர்தான், தரவேண்டும் என்று பலர் நினைத்து, தையலோடு வரிசையில் போய் நிற்கிறார்கள். ஒப்பரேஷன் செய்த ஆஸ்பத்திரியே தரலாம், தரவும் வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போதே வார்டில் கேட்டு வாங்குங்கள், அதுவும் இரண்டு வாரத்துக்கு அல்ல, குணமாக எதிர்பார்க்கும் முழுக் காலத்துக்கும். முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு நோட்டில் 3 மாதம் வரை எழுத இடமிருக்கிறது. 2022 ஜூலையிலிருந்து நேர்ஸ், பிசியோதெரபிஸ்ட், பார்மசிஸ்ட் போன்றவர்களும் கையெழுத்திடலாம். வேலையிடத்துக்குப் படம் எடுத்து அனுப்பினால் போதும், மூலப் பிரதி உங்களிடம் இருக்கட்டும்.

என்ன ஒப்பரேஷன் என்று மனேஜரிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது என்பதுதான் எங்கள் பெண்கள் முதலில் சொல்வது. மனேஜர் ஆம்பிளை, அதிலும் தமிழ் ஆள் என்றால் வாயே திறக்காது. அந்த வெட்கத்தால் 'சின்ன ஒப்பரேஷன்தான்' என்று சொல்லிவிடுகிறார்கள். சின்ன ஒப்பரேஷன் என்றவரைப் பத்தாம் நாள் கூப்பிட்டால் மனேஜரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? இதற்கு ஒரு வழி இருக்கிறது. நோயின் சரியான பெயரை எழுதினால் உங்கள் மனநிலையோ வேலையிட நிலையோ பாதிக்கப்படும் என்று டொக்டர் கருதினால், அவர் பொதுப்படையாக எழுதலாம் என்று அரசாங்க வழிகாட்டலே சொல்கிறது. 'ஒப்பரேஷனுக்குப் பின் குணமடைகிறார்' என்ற அளவில் போடச் சொல்லிக் கேளுங்கள். மனேஜருக்கு உறுப்பின் பெயர் தேவையில்லை. எவ்வளவு காலம், எதைத் தூக்கக்கூடாது என்ற இரண்டும் தெரிந்தால் போதும். உங்கள் டொக்டரிடமிருந்து நேரடியாக மருத்துவ அறிக்கை எடுக்க வேலையிடம் விரும்பினால், 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் சம்மதம் வேண்டும். அனுப்புமுன் வாசித்துப் பார்க்கவும் கேட்கலாம்.

சரி, காசு. எஸ்எஸ்பி எனப்படும் சட்டப்படியான சுகயீனக் கொடுப்பனவு 28 வாரம் வரை கிடைக்கும். 2026 ஏப்ரல் 6 முதல் இதில் இரண்டு பெரிய மாற்றம். முன்பு முதல் மூன்று நாளுக்கு ஒன்றும் இல்லை, இப்போது முதல் நாளிலிருந்தே உண்டு. முன்பு குறிப்பிட்ட தொகைக்குக் குறைவாக உழைப்பவருக்கு எதுவுமே இல்லை, அந்த எல்லையையும் எடுத்துவிட்டார்கள். இப்போது வாரத்துக்கு 123.25 பவுண்ஸ், அல்லது உங்கள் சராசரி வாரச் சம்பளத்தின் 80 வீதம், இரண்டில் எது குறைவோ அது. வாரம் 400 பவுண்ஸ் எடுப்பவருக்கு 123.25. கடையில் இரண்டு நாள் நின்று 130 எடுப்பவருக்கு 104. லண்டன் வாடகைக்கு இது எந்த மூலைக்கு? மனேஜர் கூப்பிட்டவுடன் ஓடுவதற்குப் பாதிக் காரணம் இந்தத் தொகைதான். ஆகவே ஒப்பரேஷன் திகதி வந்தவுடனேயே உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். கம்பனி தனியாகச் சுகயீனச் சம்பளம் தருகிறதா என்பது அதில் இருக்கும். அரசாங்க மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸில் 5 வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு 6 மாதம் முழுச் சம்பளமும் 6 மாதம் அரைச் சம்பளமும் உண்டு. எஸ்எஸ்பி தரமாட்டோம் என்று வேலையிடம் சொன்னால் காரணத்தை எஸ்எஸ்பி1 படிவத்தில் எழுதித் தரவேண்டும். அது பிழையென்றால் வரித் திணைக்களமான எச்எம்ஆர்சியில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, அவர்களிடம் முறையிடலாம்.

மனேஜர் போன் எடுக்கலாமா? எடுக்கலாம். லீவில் இருப்பவரோடு அளவாகத் தொடர்பு வைத்திருப்பது பிழையல்ல. எத்தனை நாளுக்கொருமுறை, போனா ஈமெயிலா என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளச் சொல்கிறது, வேலையிடப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை தரும் பொது அமைப்பான ஏகாஸ். நோட் முடியுமுன் நீங்களாக விரும்பித் திரும்பவும் சட்டம் தடை போடவில்லை. அதனால்தான் அவர் கேட்கவும் முடிகிறது. ஆனால் 'இயலாது' என்ற நோட் கையில் இருக்கும்போது, வேண்டாம் என்று சொன்னதற்காக உங்கள் மேல் நடவடிக்கை எடுக்க அதில் இடமில்லை. இன்னொன்று, ஒரு நாளில் கொஞ்ச நேரம் வேலை செய்தாலும் அந்த நாள் சுகயீன நாளாகக் கணக்கில் வராது. தம்பியின் கடையில் சனிக்கிழமை கல்லாவில் இருப்பதும் சும்மா உதவிதான் என்று நினைக்க வேண்டாம்.

அக்காவும் நானும் சேர்ந்து எழுதிய பதில் இது. ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளுங்கள்: 'ஆள் இல்லாமல் இருப்பது விளங்குகிறது. என் ஃபிட் நோட் இன்ன திகதி வரை. அதுவரை எந்த ஷிப்டும் எடுக்க இயலாது. இனி ஈமெயிலில் தொடர்புகொள்ளுங்கள், இரண்டு வாரத்துக்கொருமுறை என் நிலைமையை நான் எழுதுகிறேன்.' மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. ஷிப்ட் பட்டியல் போடும் ரோட்டா வாட்ஸ்அப் குழுவையும் சத்தமில்லாமல் வைத்தோம்.

வேலையால் நிற்பாட்டுவார்களா? உண்மையைச் சொல்கிறேன். சிக் லீவில் இருப்பவரை நிற்பாட்டவே முடியாது என்று சட்டத்தில் இல்லை. ஆனால் நியாயமான காரணமும் நடைமுறையும் வேண்டும்: டொக்டர் கருத்து கேட்கவேண்டும், உங்களோடு பேசவேண்டும், வேறு வேலை தர முடியுமா என்று பார்க்கவேண்டும். 12 வாரத்தில் திரும்பப் போகிற ஒருவரை இந்தப் படிகளைத் தாண்டி அனுப்புவது லேசல்ல. அநியாய வேலைநீக்கம் என்று பொதுவாக வழக்குப் போட இதுவரை 2 வருட சேவை வேண்டியிருந்தது, 2027 ஜனவரி முதல் அது 6 மாதமாகிறது. பாதிப்பு 12 மாதமோ அதற்கு மேலோ இருந்து, அல்லது இருக்கக்கூடியதாகி, அன்றாட வாழ்க்கையை நன்றாகவே தடுத்தால் உடல் இயலாமை உள்ளவர்களைப் பாதுகாக்கும் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டமும் உங்கள் பக்கம் வரலாம். நெருக்கடி வந்தால் ஏகாஸின் இலவச ஆலோசனை எண் 0300 123 1100.

லீவில் இருக்கும்போதும் உங்கள் ஆண்டு விடுமுறை சேர்ந்துகொண்டே இருக்கும். 'சிக் வேண்டாம், ஹொலிடேயில் போடு' என்று அவர்கள் வற்புறுத்த முடியாது.

திரும்பும்போது 'மாற்றங்களோடு வேலை செய்யலாம்' என்று ஒரு வகை நோட் தருவார்கள். குறைந்த மணித்தியாலம், தூக்காத வேலை, படிப்படியாகத் திரும்புதல் என்று அதில் குறிப்பார்கள். பாரம் தூக்கும் வேலைக்கு ஆபத்து மதிப்பீடு செய்வது 1992ஆம் ஆண்டு விதிப்படி வேலையிடத்தின் கடமை. அந்த மாற்றங்களைச் செய்ய வேலையிடத்துக்கு முடியாவிட்டால், அதே நோட் 'வேலைக்கு இயலாது' என்ற நோட்டாகவே கொள்ளப்படும். புதிதாக ஜிபியிடம் போகத் தேவையில்லை. அக்காவுக்குப் பத்தாம் வாரம் நடந்தது இதுதான். தூக்காத வேலை தாருங்கள் என்று நோட்டைக் கொடுத்தார். இரண்டு இரவுக்கு மருந்து மட்டும் கொடுக்கச் சொல்லிக் கூப்பிட்ட அதே இடம், அப்படி ஒரு வேலை எங்களிடம் இல்லையே என்று பதில் எழுதியது. அக்கா இன்னும் மூன்று வாரம் எஸ்எஸ்பியோடு வீட்டில் இருந்தார்.