‘அமில நீக்கி’ எதை நீக்குகிறது?

‘அமில நீக்கி மாத்திரைகள் வைட்டமினை அழித்துவிடும்.’ நலவாழ்வுக் கட்டுரைகளில் இந்த மாதிரி வரி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. அந்த மாத்திரைகள் வைட்டமினை அழிப்பதில்லை. அவை அமிலத்தை நீக்குவதும் இல்லை.

சொல்லின் பிறப்பு எளிது. ‘அமில நீக்கி’க்கு மூலமான ஆங்கிலச் சொல் ஆன்டாசிட். அதில் ‘எதிர்’ என்னும் கிரேக்க முன்னொட்டும் ‘புளிப்பான’ என்னும் லத்தீன் சொல்லும் உள்ளன. நம் அமிலமும் புளிப்பைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்ததுதான். புளிமம், காடி என்று எழுதுவோர் உண்டு. ஆனால் அமிலம் ஊன்றிவிட்டது, இருக்கட்டும். என் வழக்கு ‘நீக்கி’யோடுதான்.

நீக்குவது என்றால் இருப்பதை அப்புறப்படுத்துவது. மெக்னீசியம் ஹைட்ராக்சைடு, கால்சியம் கார்பனேட் போன்ற காரங்கள்கூட அதைச் செய்வதில்லை. சுரந்துவிட்ட அமிலத்தோடு வினைபுரிந்து அதன் வீரியத்தை முறிக்கின்றன, அவ்வளவுதான். நஞ்சை முறிப்பதற்கு நச்சுமுறி என்ற நல்ல சொல் இருக்கும்போது, இதற்கு ‘அமிலமுறி’ என்பதே பொருந்தும்.

சரி, அதே பெயரில் வழங்கும் ஓமிப்ரசோல், பான்டொப்ரசோல் மாத்திரைகள்? இவை இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளியே தள்ளும் புரோட்டான் பம்புகளையே முடக்குகின்றன. ஃபாமோடிடின் என்னும் இன்னொரு மருந்து ‘அமிலம் சுர’ என்று வரும் ஹிஸ்டமின் சைகையை மறிக்கிறது. இரண்டையும் ‘அமிலச் சுரப்புத் தடுப்பி’ என்றுதான் சொல்ல வேண்டும். நீளம் என்பார்கள். நீளமாக இருந்தாலும் சரியாக இருக்கிறதே!

இந்த வேறுபாடு இல்லாமல் வைட்டமின் பி12 சங்கதியை விளக்கவே முடியாது. இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றில் பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். அதைப் பிரித்தெடுக்க இரைப்பையின் அமிலமும் புரதத்தைச் செரிக்கும் பெப்சின் நொதியும் வேண்டும். பிரிந்த பி12, இரைப்பை சுரக்கும் ஒரு புரதத்தோடு சேர்ந்து சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்படுகிறது. சுரப்பையே ஆண்டுக்கணக்கில் தடுத்துவைத்தால் முதல் படியே தடைப்படும். கல்லீரலில் பல ஆண்டுகளுக்கான இருப்பு உண்டு என்பதால் குறைபாடு மெதுவாகத்தான் தலைகாட்டும். வைட்டமின் மாத்திரையில் உள்ள பி12 புரதத்தோடு ஒட்டியிராது, ஆகவே அதற்கு இந்தச் சிக்கல் இல்லை. ‘அழிக்கிறது’ என்ற சொல்லுக்கு இதில் எங்கே இடம்?

எல்லாவற்றையும் ‘அமில நீக்கி’ என்று ஒரே பெயரில் கட்டிவிடுவதால், எப்போதாவது அமிலமுறி குடிப்பவர் பயந்துபோகிறார். தடுப்பியை ஆண்டுக்கணக்கில் விழுங்குபவரோ இது தமக்குச் சொன்னது என்றே அறியாமல் இருக்கிறார். அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் இதை யோசிக்க வேண்டும். உறிஞ்சுதலையும் இவர்கள் விட்டுவைக்கவில்லை. ‘கிரகிப்பு’, ‘ஈர்ப்பு’ என்று வாய்க்கு வந்ததை எழுதுகிறார்கள். ஈழத்துப் பாடநூல்களில் ‘அகத்துறிஞ்சல்’ என்ற துல்லியமான சொல் இருக்கிறது. உள்ளே இழுத்துக்கொள்வது அகத்துறிஞ்சல், மேற்பரப்பில் பிடித்துவைப்பது புறத்துறிஞ்சல். எடுத்தாள என்ன தயக்கம்?

‘தடுப்பி’ என்ற பெயருக்கு இன்னொரு பயனும் உண்டு. நெடுநாள் சாப்பிட்டதைத் திடீரென நிறுத்தினால், சில காலம் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரக்கலாம். அதனால்தான் மருத்துவரைக் கேட்டு, பலருக்குப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். தடுத்துவைத்தது திறந்துகொண்டால் பாயும் என்பது தடுப்பி என்ற சொல்லிலேயே இருக்கிறது. நீக்கியில் அது இல்லை.