மரபணுக் கோளாறு என்றவுடன் பயிற்சியை நிறுத்தாதீர்கள்

சென்ற வாரம் உசிலம்பட்டிப் பக்கமிருந்து நான்கரை வயதுப் பெண் குழந்தையை அவளுடைய தாயும் அம்மாச்சியும் மதுரையிலுள்ள எங்கள் இயன்முறை (பிசியோதெரபி) சிகிச்சையகத்திற்கு அழைத்து வந்தார்கள். இரண்டரை வயதில் எங்களிடம் பயிற்சிக்கு வந்து, பாதம் முழுவதும் தரையில் பதிய, சுவரைப் பிடித்து எட்டு வைத்த குழந்தை அவள். இரத்தப் பரிசோதனையில் ரெட் சிண்ட்ரோம் என்று, அதாவது பழகிய கையசைவையும் பேச்சையும் குழந்தை இழக்கும் மரபணுக் கோளாறு என்று உறுதியானதும் வருவது நின்றுபோனது. வாசலில் கழற்றிய அவளுடைய செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன். விரல் படும் இடம் தேய்ந்து ஓட்டை விழும் நிலையில் இருந்தது. குதிகால் பக்கம் கடையில் வாங்கிய அன்று இருந்ததைப் போலவே பளபளப்பாக இருந்தது. கையைப் பிடித்தால் இன்னும் நடக்கிறாள், ஆனால் நுனிக்காலில்.

ஏன் இரண்டு ஆண்டுகளாக வரவில்லை என்று கேட்டேன். "ஜீன்லயே கோளாறுன்னு சொல்லிட்டாங்க. இனி எக்சர்சைஸ் பண்ணி என்ன ஆகப்போகுதுன்னு வீட்ல எல்லாரும் சொன்னாங்க" என்றார் அந்தத் தாய். இந்தப் பதிலை இந்த ஆண்டில் மூன்றாவது குடும்பத்திடம் கேட்கிறேன். அவரைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. ஆனால் இந்த எண்ணத்தின் மேல் எனக்கிருக்கும் கோபத்தை மறைக்கவும் நான் விரும்பவில்லை.

ரெட் சிண்ட்ரோமுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது எம்.இ.சி.பி.2 என்னும் மரபணு என்று 1999இல் கண்டறிந்தார்கள். அந்த மரபணுவை எந்தப் பயிற்சியாலும் திருத்த முடியாது. திருத்துவதாக எந்த இயன்முறை மருத்துவரும் சொல்வதில்லை. ஆனால் இந்தக் குழந்தை குதிகால் தசைநாண் குட்டையாகிப் பிறக்கவில்லை. முதுகு வளைந்தும் பிறக்கவில்லை. கோளாறு தசையின் இறுக்கத்தைக் கூட்டுகிறது, அந்த இறுக்கத்தோடு மாதக்கணக்கில் நீட்டப்படாமலே கிடக்கும் கெண்டைக்கால் தசைதான் குட்டையாகிவிடுகிறது. முதலாவது நம் கையில் இல்லை. இரண்டாவதில் பெரும்பகுதி நம் கையில்தான் இருந்தது, நழுவவிட்டோம். முதுகு வளைவை முழுவதுமாகத் தடுத்துவிடலாம் என்று நான் வாக்களிக்க மாட்டேன். ஆனால் மாதம் ஒருமுறை யாராவது அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தால், உட்காரும் முறையைத் திருத்தவும் எலும்பு மருத்துவரிடம் உரிய நேரத்தில் அனுப்பவும் முடியும்.

எல்லா மரபணுக் கோளாறும் ஒரே மாதிரியானதும் அல்ல. ஏஞ்சல்மேன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் தாமதமாகவேனும் நடக்கிறார்கள். சிலர் ஐந்து வயதுக்கு மேல்தான் நடக்கிறார்கள். அதுவரை இடுப்பையும் பாதத்தையும் கெடாமல் வைத்திருப்பது பெரிய வேலை. பிராடர்-வில்லி என்னும் இன்னொரு மரபணுக் கோளாறில் கைக்குழந்தைப் பருவத்தில் துணி போலத் துவளும் உடல் வளர வளர ஓரளவு தேறுகிறது, பின்னாளில் அடங்காத பசியும் எடை கூடுதலும் வருகின்றன. சின்ன வயதிலேயே அசைந்தாடிப் பழகிய உடம்பு அப்போது கைகொடுக்கும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சொந்தத்தில் மணம் முடிப்பதால் சில மரபணு நோய்களுக்கான வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் ரெட் சிண்ட்ரோம் ஏறத்தாழ எப்போதுமே குழந்தையிடம் புதிதாகத் தோன்றும் மாற்றம். அதற்காக மருமகளையோ அவள் பிறந்த வீட்டையோ ஏசுவதை தயவுசெய்து நிறுத்துங்கள். அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் முன் மரபணு ஆலோசனை பெறுங்கள், அது போதும்.

"கரண்ட் வைங்க, சரியாயிடும்" என்று கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தக் குழந்தைகளுக்கு வேண்டியது பொழுது முழுவதும் சரியான நிலையில் இருப்பது; பத்து நிமிட மின்சாரத்தால் அது கிடைக்காது. எண்ணெய் தடவி மெதுவாக நீவுங்கள், தடையில்லை. ஆனால் காலைப் பிடித்து இழுத்து உருவும் ஆளிடம் ஒருபோதும் கொடுக்காதீர்கள். ரெட் குழந்தைகளின் எலும்பு எளிதில் முறியக்கூடியது. உருளும் வாக்கரில் உட்காரவைக்காதீர்கள். அதன் விற்பனையைக் கனடா 2004இலேயே தடை செய்துவிட்டது. நம் கடைகளில் இன்னும் தொங்குகிறது. அதில் தொங்கும் குழந்தை நுனிக்காலால் உந்தவே பழகுகிறது. பிடித்து நிற்கத் தெரிந்த குழந்தைக்கு நம் பழைய மர நடைவண்டியைக் கொடுக்கலாம், பெரியவர் ஒருவர் பின்னால் நின்றால். தூளியில் பகல் முழுவதும் போட்டு வைக்காதீர்கள். கால்களை இருபக்கமும் விரித்து இடுப்பில் தூக்கிக்கொள்ளும் நம் வழக்கம் நல்லது, அதை விடவேண்டாம். வலிப்பு வந்த நாளில் பயிற்சியை விட்டுவிடலாம், மாத்திரையை விடக்கூடாது.

ஒன்பது பத்து மாதத்தில் தானாக உட்காரவில்லை, பதினெட்டு மாதத்தில் நடக்கவில்லை, அல்லது பழகிய கையசைவையும் சொற்களையும் இழக்கிறாள் என்றால், "அவ அப்பனும் லேட்டாத்தான் நடந்தான்" என்று காத்திருக்காதீர்கள். ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டினாலே, அரசு மருத்துவமனையில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கவனிக்கும் தொடக்கநிலை இடையீட்டு மையத்திற்கு அனுப்புவார்கள். காசு செலவில்லை.

உசிலம்பட்டிக் குழந்தைக்கு வாரம் ஒருமுறை மாற்றும் மாவுக்கட்டுகளால் பாதத்தைச் சிறிது சிறிதாக இறக்க முயல்கிறோம். அதன்பின் இரவில் அணியும் பிளாஸ்டிக் பட்டையும், பகலில் அரைமணி நேரம் அவளைத் தாங்கி நிற்கவைக்கும் சட்டமும் தேவைப்படும். இரண்டரை வயதிலிருந்தே தொடர்ந்திருந்தால் மாவுக்கட்டு தேவைப்பட்டிருக்காது என்றே நினைக்கிறேன். கட்டுப் போடும்போது அவள் ஓயாமல் பிசையும் கைகளை அம்மாச்சி தன் உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு, "அடுத்த புதன் முதல் பஸ்லயே வந்துருவோம்" என்றார்.