கொப்பரையில் ஆறு சதவீத ஈரம்

2023ஆம் ஆண்டு அரவைக் கொப்பரைக்கு, அதாவது எண்ணெய் ஆட்டும் காய்ந்த தேங்காய்க்கு, மத்திய அரசு வைத்திருந்த ஆதார விலை கிலோவுக்கு 108 ரூபாய் 60 காசு. வெளியில் வியாபாரி கேட்டது அதைவிட வெகு குறைவு. கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கத்து விவசாயி ஒருவர் அரசுக் கொள்முதலுக்கு டெம்போவில் மூட்டைகளை ஏற்றிப் போனார். ஈரப்பதம் 6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அவருடையதில் 9 காட்டியது. மூட்டைகள் அப்படியே திரும்பின. "வெயில்லதானே தம்பி காயப்போட்டேன்" என்று அன்று சாயங்காலம் என்னிடம் வந்து நின்றார்.

உழவர் குழுக்களுக்குச் சந்தை ஆலோசனை சொல்வது என் வேலை. ஆதார விலை அறிவித்துவிட்டால் வியாபாரி எல்லாரும் அதைத் தந்தாக வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. வெளிவியாபாரியை அது கட்டுப்படுத்தாது. அந்த விலைக்கு நாஃபெட் (தேசிய வேளாண் கூட்டுறவு விற்பனை இணையம்) போன்ற அமைப்பு வழியாக அரசு வாங்கும், அதுவும் தரமும் காகிதமும் சரியாக இருப்பவரிடம்தான்.

நம் மாவட்டத்தில் ஈரம் பெரிய தொல்லை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் இங்கே உண்டு. சேர்ந்தாற்போல் நாலு நாள் வெயில் கிடைக்காவிட்டால் முற்றத்தில் விரித்த தேங்காயில் பூசணம் ஏறிவிடும். சூரிய உலர்த்திக்கு வேளாண் பொறியியல் துறை மானியம் தருகிறது. நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒன்று போட்டால்கூடப் போதும்.

அப்புறம் காகிதம். நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டா, என்ன பயிர் என்று காட்டும் அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம். பாட்டத்துக்கு (குத்தகைக்கு) விளை, அதாவது தோட்டம், எடுத்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். சிட்டா நிலக்காரர் பெயரில் இருக்கும். அடங்கலில் பயிர் சரியாக ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். விலை விழுந்த பிறகு ஓடினால் கொள்முதல் தேதி முடிந்துவிடும்.

சரி, மற்ற பயிர்கள்? நெல்லுக்கு ஆதார விலை உண்டு. ரப்பர், ஏத்தன் (நேந்திரன்) வாழை, மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) மூன்றும் அந்த மத்தியப் பட்டியலில் கிடையாது. கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை தாண்டினால் நிலைமை வேறு. கேரள அரசு 2020 நவம்பரில் மரச்சீனிக்குக் கிலோ 12 ரூபாய், ஏத்தனுக்கு 30 ரூபாய் என அடிப்படை விலை வைத்தது. ரப்பருக்கு 2015 முதலே, குறித்த விலைக்குக் கீழே சந்தை இறங்கினால் வித்தியாசத்தை விவசாயி கணக்கில் போடுகிறது. எல்லைக்கு இருபுறமும் வெட்டுவது ஒரே ரப்பர் பால்தான். எல்லைக்கு இந்தப் பக்கம் விளவங்கோட்டுக்காரருக்கு மட்டும் அந்த வித்தியாசப் பணம் இல்லை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. தமிழக அரசிடம் நம் குழுக்கள் விடாமல் கேட்க வேண்டியது இதைத்தான்.

அழுகும் விளைபொருளை விலை விழும்போது அரசு வாங்குவதற்கு மத்திய அரசின் சந்தைத் தலையீட்டுத் திட்டம் இருக்கிறது. முந்தைய சாதாரண ஆண்டைவிட விலை 10 சதவீதமாவது விழுந்திருக்க வேண்டும், மாநில அரசு கேட்கவும் வேண்டும். அதனால் ஏத்தன் குலை விற்கும்போதெல்லாம் தேதி, எடை, விலை எழுதிய சீட்டு வாங்கி வையுங்கள். மனுவோடு வைக்க அதுதான் கையில் இருக்கும்.

திருவட்டாறுக்காரர் மூட்டைகளைப் பிரித்து மறுபடி காயவைத்தார். ஒன்பதாம் நாள் கொண்டுபோனபோது ஈரம் ஐந்தரை. அன்றைக்கே எடை போட்டார்கள்.