யாக்கோபு எப்படி ஜேம்ஸ் ஆனார்?

தமிழ் பைபிளில் யாக்கோபு நிருபம் (கடிதம்) என்று இருப்பது ஆங்கிலத்தில் ஜேம்ஸ் என்று இருக்கிறதே, யார் மாற்றினார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளை மொழிபெயர்க்கச் செய்த ஜேம்ஸ் மன்னர் தன் பெயரைச் செருகிவிட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. அது சும்மா. அதற்கு முந்தைய ஆங்கில மொழிபெயர்ப்பான 14ஆம் நூற்றாண்டு விக்ளிஃப் பைபிளிலேயே ஜேம்ஸ்தான். மாற்றியது மன்னர் இல்லை, மூக்கு.

எபிரேயத்தில் யாக்கோவ், அரபியில் யஃகூப், கிரேக்கம் வழியாக லத்தீனில் இயாகோபுஸ். இதுவரை சிக்கலில்லை. பிற்கால லத்தீன் பேச்சில்தான் இயாகோமுஸ் என்று இன்னொரு வடிவம் கிளம்பியது. ‘ப’ இருந்த இடத்தில் ‘ம’.

மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ‘மாமா’ என்று சொல்லிப் பாருங்கள். ‘பாபா’ மாதிரிதான் வரும். ‘அன்பு’வில் வருகிற அதிர்வுள்ள ‘ப’வுக்கும் ‘ம’வுக்கும் உதடுகள் ஒரே மாதிரி மூடுகின்றன, குரல்வளை ஒரே மாதிரி அதிர்கிறது. வித்தியாசமெல்லாம் உள்நாக்கு தொங்கும் மெல்லண்ணத்தில். அது மேலெழுந்து மூக்குக்குப் போகும் வழியை அடைத்தால் ‘ப’. கொஞ்சம் அசட்டையாகத் தொங்கிவிட்டால் காற்று மூக்கில் புகுந்து ‘ம’. ஜலதோஷம் பிடித்தவர் அழைக்கும் ‘அம்மா’ பாதி அப்பாவாகக் கேட்பதும் இதே கூத்துதான், திசை மட்டும் எதிர்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. யமுனை வடக்கே ஜமுனா ஆனதுபோல முதல் ‘ய’ பல ஊர்களில் ‘ஜ’ ஆயிற்று. இத்தாலியில் ஜாக்கோமோ, ஸ்பெயினில் ஹைமே, பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்தில் ஜேம்ஸ். ‘ம’ வராத பழைய வடிவத்திலிருந்து வந்த பிரெஞ்சுப் பெயர் ழாக். ஜேம்ஸ் ‘க’வைத் தொலைத்தது, ழாக் ‘ப’வைத் தொலைத்தது. காதால் கேட்டால் இரண்டுக்கும் ஒட்டுறவே தெரியாது.

ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் இது ஷேமஸ். நாம் ‘கண்ணன்’ என்பவரை ‘கண்ணா’ என்று கூப்பிடும்போது கடைசி எழுத்து மாறுகிறது. அவர்களுக்கு விளியில் முதல் எழுத்தும் மாறும்: ‘ஷ’ போய் ‘ஹ’ வரும். அப்படிக் கூப்பிட்ட கூப்பாடே ஹேமிஷ் என்று தனிப் பெயராகிவிட்டது. எண் கணித ஜோசியரிடம் பணம் கட்டி இன்னொரு ‘ஏ’ சேர்ப்பவர்கள், இத்தனை வடிவத்தில் அதிர்ஷ்டம் எதற்கு என்று அவரைக் கேட்கலாம்.

ஸ்பெயினில் புனிதர் என்ற பொருளில் ‘சாந்த்’ சேர்த்து, சாந்த் இயாகோ, சாந்தியாகோ. அதைப் பிற்பாடு தப்பாகப் பிரித்ததில் பிறந்தவர் தியாகோ. அந்தத் ‘த’ உண்மையில் ‘சாந்த்’தின் வால். போர்ச்சுக்கீசியர் வழியாக நம் கடற்கரைக்கு வந்தது சந்தியாகு. தங்கச்சிமடத்தில் உள்ளது புனித சந்தியாகப்பர் ஆலயம். முன்னால் ‘புனித’, உள்ளே ‘சாந்த்’, பின்னால் ‘அப்பர்’ என்று அவருக்கு மரியாதை மூன்று முறை.