ஒரு கச்சேரிக்கு எத்தனை மதிப்பெண்?

1977 மே 8, நியூயார்க் மாநிலத்தின் இதாக்கா நகரம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவினர் வாசித்தார்கள். 1965 முதல் 1995 வரை அவர்கள் செய்த கச்சேரிகள் ஏறத்தாழ 2,300. அவற்றில் சிறந்தது எது என்று ரசிகர்களைக் கேட்டால், இந்த இரவுதான் திரும்பத் திரும்ப முன்னால் வந்து நிற்கிறது.

ரசிகர்கள் கச்சேரிவாரியாக மதிப்பெண் போடுவதற்கு இந்தக் குழுவிடம் நியாயம் இருக்கிறது. இவர்களுடைய வாசிப்பில் மனோதர்மம்தான் உயிர். 'டார்க் ஸ்டார்' என்ற பாடல் ஓர் இரவு கால் மணி நேரத்தில் முடியும், இன்னோர் இரவு அரை மணியைத் தாண்டும். எந்த இரண்டு இரவும் ஒன்றல்ல.

சரி, மதிப்பெண்களை எப்படிக் கூட்டுவது? வெறும் சராசரி ஏமாற்றிவிடும். ஒரு கச்சேரிக்கு மூன்றே பேர் ஆளுக்கு ஐந்துக்கு 5 போட்டால் சராசரி 5. இன்னொன்றுக்கு 200 பேர் போட்டு 4.8 வந்தால் அது இரண்டாம் இடத்துக்குப் போய்விடும். இதைச் சரிசெய்யப் பேய்ஸியன் சராசரி உதவுகிறது. எல்லாக் கச்சேரிகளின் பொதுச் சராசரி 4 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கச்சேரிக்கும் 4 மதிப்பெண்ணோடு பத்துக் கற்பனை ஓட்டுகளைச் சேர்த்துக் கணக்கிட்டால், முதலாவது 4.23 ஆகச் சரியும்; இரண்டாவது 4.76இல் நிற்கும். ஓட்டு குறைவாக இருந்தால் பொதுச் சராசரியின் பக்கம் இழுக்கப்படும், அவ்வளவுதான்.

ஆனால் கணக்கால் தீராத சிக்கல் ஒன்று உண்டு. பெரும்பாலானோர் மதிப்பெண் போடுவது நேரில் கேட்ட கச்சேரிக்கு அல்ல, டேப்பில் கேட்டதற்கு. ரசிகர்கள் ஒலிப்பதிவு செய்வதைக் குழு தடுக்கவில்லை. 1984இல் அவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. கேசட்டிலிருந்து கேசட்டுக்கு நகல் எடுக்க எடுக்க இரைச்சல் கூடும், மேல் சுருதி மங்கும். கார்னெல் இரவைப் பதிவு செய்தவரோ குழுவின் ஒலிப்பொறியாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன். ஒலிக்கலவை மேசையிலிருந்து நேரடியாக எடுத்த பதிவு அது. ஒவ்வொரு கருவியும் துல்லியமாகக் கேட்கும். அதே தரத்தில் வாசித்து, மோசமான டேப்பில் மாட்டிக்கொண்ட இரவுகள் எத்தனையோ இருக்கும் என்பதுதான் என் எண்ணம்.

அப்புறம், கூட்டத்தின் தாக்கம். 2006இல் வெளியான சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் ஆய்வில் 14,000க்கும் மேற்பட்டோர் 48 புதிய பாடல்களைக் கேட்டார்கள். சிலருக்கு முந்தையவர்களின் விருப்பம் தெரியாது. மற்றவர்கள் எட்டுத் தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டு, தங்கள் உலகத்துப் பதிவிறக்க எண்ணிக்கையை மட்டும் பார்த்தார்கள். எண்ணிக்கை தெரிந்த இடங்களில் பிரபலத்தின் ஏற்றத்தாழ்வு பெருகியது. எந்தப் பாடல் ஜெயிக்கும் என்பதும் உலகத்துக்கு உலகம் மாறியது. மிக நல்ல பாடல்கள் அடிமட்டத்துக்குப் போவது அரிது, மிக மோசமானவை மேலே வருவதும் அரிது. நடுவில் இருப்பவற்றுக்கு எதுவும் நடக்கலாம்.

கார்னெல் அந்த நடுவில் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' பாடல் எங்கே முடிந்து 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத, 25 நிமிடத்துக்கும் மேலான அந்த வாசிப்பைக் கேட்டுப் பாருங்கள். ரசிகர்கள் அரங்கில் உட்கார்ந்து எடுத்த பதிவும் இருக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள். பெட்டியின் டேப் அதற்குப் பிறகு.