களியக்காவிளை தாண்டி வந்த வண்டி: நம்பர் மாற வேண்டும், லைசென்ஸ் மாற வேண்டியதில்லை

மார்த்தாண்டம் சந்திப்பில் பத்து நிமிடம் நின்றால் போதும். கே.எல். 01, கே.எல். 19, கே.எல். 20 என்று தொடங்கும் கார்கள், நம் டி.என். 74, டி.என். 75 கார்களோடு முட்டிமோதிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. எல்லை களியக்காவிளையில் வந்து நின்றது. ஆனால் பெண் கொடுப்பது, பெண் எடுப்பது, வேலைக்குப் போவது, வண்டி வாங்குவது எதுவும் அந்த எல்லையைக் கேட்டு நடப்பதில்லை. ஆகவே "கேரள வண்டியை இங்கே வைத்து ஓட்டலாமா?" என்பது நம் ஊரில் ஓயாத கேள்வி.

ஓட்டலாம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 46இன்படி, ஒரு மாநிலத்தில் செய்த பதிவு இந்தியா முழுவதும் செல்லும். அடுத்த பிரிவுதான் நம்மைப் பிடிக்கிறது. வேறு மாநிலத்தில் பதிவான வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால், இங்குள்ள அலுவலகத்தில் புதுப் பதிவெண் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

இதில் "வைத்திருந்தால்" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வீடோ தொழிலிடமோ எங்கே இருக்கிறது, வண்டி வழக்கமாக எங்கே நிற்கிறது என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. எந்தச் சாலையில் ஓடுகிறது என்பதை அல்ல. நெய்யாற்றின்கரையில் கடை வைத்து, வண்டியையும் அங்கேயே நிறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் குழித்துறை வீட்டுக்கு வந்துபோகிறவர் நம்பரை மாற்ற வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தில் வேலை முடிந்து, குடும்பத்தோடு தக்கலைக்கு வந்துவிட்டவர் மாற்றியே ஆக வேண்டும். இரண்டுக்கும் நடுவில், களியக்காவிளையில் வீடு, பாறசாலையில் வேலை என்று தினமும் எல்லை தாண்டுகிறவர் சிலர். இரவில் கார் இந்தப் பக்கத்து வீட்டு முற்றத்தில்தான் நிற்கிறது என்றால் தமிழ்நாட்டுப் பதிவே வம்பில்லாதது என்பது என் எண்ணம். மாதம் ஒருமுறை அந்தப் பக்கம் பெட்ரோல் போட்ட ரசீதைக் காட்டித் தப்பிக்கலாம் என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். பெட்ரோல் போட்ட இடம் வண்டி நிற்கும் இடம் ஆகிவிடாது.

இன்னொன்று. பதிவெண் மத்தியச் சட்டத்துக்கு உட்பட்டது, வாகன வரி மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டது. 12 மாதம் என்பது எண்ணுக்கான கெடு. அதை வரிக்கும் கெடுவாக நினைத்துக்கொண்டு பதினோராவது மாதம் வரை உட்கார்ந்திருக்க வேண்டாம். நிரந்தரமாக வந்துவிட்டோம் என்று தெரிந்த உடனே வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

வேலை தொடங்குவது இங்கே அல்ல, பழைய ஊரில். வண்டி பதிவான அலுவலகம் தடையின்மைச் சான்று, அதாவது எல்லோரும் சொல்லும் என்.ஓ.சி., தர வேண்டும். அதற்குப் படிவம் 28. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில், வண்டிகளுக்கான வாகன் பகுதிக்குள் விண்ணப்பிக்கலாம். எந்த அலுவலகத்துக்கு வண்டி போகிறது என்று அதில் கேட்பார்கள். மார்த்தாண்டம் எல்லைக்குள் குடியிருந்துகொண்டு நாகர்கோவில் என்று போட்டால், பிறகு திருத்தத்துக்கு அலைய வேண்டியிருக்கும். வண்டி திருடப்பட்டதாக வழக்கு இல்லை என்று போலீசிடம் எழுத்தில் கேட்டு வாங்குவதும், அரசுக்கு வரி பாக்கி இல்லை என்று பார்ப்பதும் அந்த அலுவலகத்தின் பொறுப்பு. விண்ணப்பம் பெற்ற 30 நாளுக்குள் மறுப்பு எதுவும் சொல்லாவிட்டால் சான்று வழங்கியதாகவே கருத வேண்டும் என்று பிரிவு 48 சொல்கிறது. அதனால் விண்ணப்பம் பெற்றதற்கான ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

என் காருக்கு இந்தச் சான்று தாமதமானதற்கு நானே காரணம். கார் கடனை முழுதும் அடைத்துவிட்டேன், வங்கிக் கடிதமும் வீட்டில் இருந்தது. ஆனால் ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், இருந்த அடமானக் குறிப்பை நீக்கவே இல்லை. கடன் தீர்ந்தால் அதுவும் தானாகப் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகாது. படிவம் 35இல் வங்கியின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக் கொடுத்தால்தான் போகும். அந்த ஒரு தாளுக்காக இரண்டு முறை திருவனந்தபுரம் போய்வந்தேன். கடன் இன்னும் ஓடுகிறது என்றால் வங்கியின் ஒப்புதல் கடிதம் இல்லாமல் எதுவும் நகராது. எதற்கும் முன்னால், பழைய செலான் பாக்கி இருக்கிறதா, இன்சூரன்சும் புகைச் சான்றும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். ஆதாரில் முகவரியைக் குமரி மாவட்டத்துக்கு மாற்றி, அதனுடன் இணைந்த செல்பேசி எண்ணும் சரிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

படிவம் 28இல் சேசிஸ் எண்ணின் பென்சில் பதிவும் வேண்டும். முதல்முறை செய்கிறவர்கள் திணறும் இடம் இது. மெல்லிய வெள்ளைத் தாளை எண் பொறித்த இரும்பின் மேல் அசையாமல் ஒட்டிப் பிடித்து, பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேய்க்க வேண்டும். கருமைக்கு நடுவே எழுத்துகள் ஒவ்வொன்றாக வெள்ளையாகத் தெரிய வரும். கடல்காற்று படும் குளச்சல், கன்னியாகுமரி பக்கத்து வண்டிகளில் அந்த இடம் துருப்பிடித்திருக்கும். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். எண்ணின் விளிம்பு மழுங்கினால், திருத்தப்பட்டதோ என்று ஆய்வாளருக்குச் சந்தேகம் வரும். அது வந்தால் எளிதில் போகாது.

சான்று கையில் வந்தபின் இங்கே படிவம் 27. மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியை நேரில் பார்ப்பார், வரி கட்ட வேண்டும், அதன்பின் டி.என். 74 அல்லது 75இல் புது எண்.

பெரிய செலவு வரிதான். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் புதுக் காருக்கு ஆயுள்கால வரி, விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வெளிமாநிலத்திலிருந்து வரும் பழைய காருக்கு வயது ஏற ஏற விகிதம் குறையும். கேரளத்தில் 15 ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டிய வரி பாழாகிவிட்டதே என்று பலர் மனம் நொந்துகொள்கிறார்கள். மீதமுள்ள காலத்துக்கு உரிய பங்கைத் திரும்பக் கேட்கலாம். புது ஆர்.சி. வந்ததும் அதன் நகலோடு பழைய அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். பணம் தானாக வீடு தேடி வராது. கேட்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம் என்று தோன்றுகிறது. நம்பர் புதிதானாலும் வண்டியின் வயது புதிதாவதில்லை. 15 ஆண்டுப் பதிவுக் காலம் முதல் பதிவு நாளிலிருந்தே கணக்கு.

எண் மாறியதும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட், இன்சூரன்ஸ் பாலிசி, ஃபாஸ்டேக் மூன்றையும் மாற்ற வேண்டும். ஃபாஸ்டேக்கைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சுங்கச்சாவடிக்கு வந்து நின்ற பிறகுதான் நினைவு வரும்.

கேரளத்திலிருந்து பழைய கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என்.ஓ.சி. கேட்க வேண்டியவர் விற்கிறவர். வேறு மாநிலத்துக்கு விற்றால் அவருக்கு 45 நாள் அவகாசம், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தேதி போடாமல் கையெழுத்து மட்டும் போட்ட உரிமை மாற்றப் படிவங்கள் 29, 30ஐ வாங்கிக்கொண்டு, "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் அண்ணா" என்று சொல்லும் தரகரை நம்பி முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். அந்த அப்புறம் வரும்போது விற்றவர் செல்பேசியை எடுக்க மாட்டார்.

லைசென்ஸ் கதை இவ்வளவு நீளமில்லை. கேரளத்தில் எடுத்த ஓட்டுநர் உரிமம் இந்தியா முழுதும் செல்லும். மாநிலம் மாறினோம் என்பதற்காகப் புதிதாக எட்டு போட வேண்டியதில்லை. அதே பரிவாகன் தளத்தில், உரிமங்களுக்கான சாரதி பகுதியில் முகவரி மாற்றத்துக்கு விண்ணப்பித்தால் போதும். பழைய புத்தக வடிவ உரிமம் வைத்திருப்பவர்கள் முதலில் எண்ணைப் போட்டுத் தேடிப் பாருங்கள். விவரம் வரவில்லையென்றால், உரிமம் கொடுத்த அலுவலகம் அதைக் கணினியில் ஏற்ற வேண்டும். உரிமம் இரண்டு மாநிலத்திலும் ஒவ்வொன்று இருக்கட்டும் என்று நினைக்காதீர்கள், ஒருவருக்கு ஓர் உரிமம்தான்.

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருகிறவர்கள் மட்டும் உரிமம் முடியும் தேதியைப் பார்க்க வேண்டும். முன்பு காலாவதிக்குப் பின் 30 நாள் சலுகை இருந்தது. 2019 திருத்தத்தில் அது போய்விட்டது. முடிந்த மறுநாளே அது செல்லாத உரிமம். முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்து, முடிந்து ஓராண்டு வரை தேர்வு இல்லாமல் புதுப்பிக்கலாம். 40 வயது தாண்டியவர்கள் மருத்துவரிடம் படிவம் 1அ வாங்கிவர வேண்டும். அந்த ஓராண்டும் கடந்துவிட்டால், துபாயில் பத்து வருடம் லாரி ஓட்டியவரும் இங்கே ஆய்வாளர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும்.